ஆளைப் பார்த்து இலை போடாமல் ஒரு மைன்கிராஃப்ட் சர்வர்

மைன்கிராஃப்ட் என்ற கட்டட விளையாட்டைச் சேர்ந்து ஆடும் சர்வரில் பதினைந்து இருபது பேர் இருக்கும்வரை புகார் என்று தனியாக ஒன்று வராது. யாராவது யாருடைய பெட்டியிலாவது கை வைத்தால் வாய்ஸ் சானலிலேயே கத்தி, சிரித்து, முடித்துக்கொள்வார்கள். ஐம்பது அறுபது பேர் ஆனதும் நிலைமை மாறும். திருடியதாகச் சொல்லப்படுகிறவர், சர்வரை மேற்பார்க்கும் மாடரேட்டரோடு ஆட்டத்துக்குள் ஒரே ஊரில் வீடு கட்டியிருப்பார். புகார் தருகிறவர் போன வாரம்தான் சேர்ந்திருப்பார். வைரம் காணாமல் போனதற்காக யாரும் சர்வரை விட்டுப் போவதில்லை. கேட்கப் போனபோது முகம் கொடுக்கவில்லை என்பதற்காகப் போவார்கள். போகும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் போவார்கள்.

ஓரவஞ்சனை செய்கிறவருக்கு அது ஓரவஞ்சனை என்று தெரியாது. கூட விளையாடுகிற நண்பன் சொன்னால் விளக்கம் போலவும், புது ஆள் சொன்னால் சாக்கு போலவும் காதில் விழும். அதனால் "மாடரேட்டர்கள் நடுநிலையாக இருக்க வேண்டும்" என்று விதி எழுதி ஒட்டிப் பயனில்லை. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்ற வரிசையைக் கட்டாயமாக்கினால் சாய்வுக்கு இடம் குறையும். கீழே இருப்பது ஜாவா பதிப்பில், பேப்பர் என்ற சர்வர் மென்பொருளும் அரட்டைக்கு டிஸ்கார்டும் வைத்து நடக்கும் சர்வைவல் கூட்டத்தில் புகார்களை விசாரிக்கும் முறை. பெட்ராக் பதிப்பில் கருவிகள் மாறும், வரிசை மாறாது.

பதிவு இல்லாத இடத்தில் நியாயம் பேச முடியாது

யார் எதை எடுத்தார், உடைத்தார் என்று பதிவு வைக்கும் கோர்ப்ரொடெக்ட் பிளகினைப் புகார் வந்த பிறகு நிறுவுவது, வீடு கொள்ளை போனபின் கேமரா மாட்டுவது மாதிரி. அந்த பிளகின் தான் ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான் பதிவு வைக்கும். சர்வர் திறக்கும் நாளன்றே போடுங்கள். அதன் கட்டமைப்புக் கோப்பில் ஹாப்பர் (பொருளை உறிஞ்சிக் கடத்தும் புனல்) பரிமாற்றங்களும் பெட்டிப் பரிமாற்றங்களும் பதிவாகின்றனவா என்று பாருங்கள். ஹாப்பர் பதிவு இடம் அடைக்கிறது என்று சிலர் அணைத்து வைப்பார்கள். அது ஏன் தப்பு என்று பெட்டித் திருட்டைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

அரட்டைக்கு சர்வரின் லாக்ஸ் கோப்புறை போதும். நாள்வாரியாகச் சுருக்கி வைக்கப்பட்ட கோப்புகள் அங்கே இருக்கும். குறைந்தது 90 நாள் அழிக்காதீர்கள். ஸ்பிகாட் கட்டமைப்பில் கட்டளைப் பதிவு இயங்கும் நிலையில் இருந்தால், ஒருவர் இன்னொருவருக்கு மெசேஜ் கட்டளை வழியாக அனுப்பும் தனிச்செய்தியும் கன்சோலில் விழும். மிரட்டல் புகார்களில் பெரும்பாலும் இதுதான் கைகொடுக்கும். ஆனால் இப்படிப் பதிவாகிறது என்பதை விதிகள் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். தனிச்செய்தி என்று நம்பிப் பேசியதை மாடரேட்டர் படித்தார் என்று பிற்பாடு தெரிந்தால், விசாரித்த புகாரைவிட அது பெரிய புகாராகிவிடும்.

டிஸ்கார்டின் ஆடிட் லாக்கை (நிர்வாகச் செயல்களின் பதிவேட்டை) நம்பி உட்கார வேண்டாம். அது 45 நாள்தான் நிற்கும். யாருடைய செய்தியை எந்த மாடரேட்டர் அழித்தார் என்று சொல்லும். செய்தியில் என்ன இருந்தது என்று சொல்லாது. எழுதியவரே அழித்துக்கொண்டால் அந்த வரிகூட விழாது. ஆகவே அழித்த, திருத்திய செய்திகளை ஒரு மூடிய சானலில் கொட்டும் லாகிங் பாட் (தானியங்கி நிரல்) ஒன்று வேண்டும். அந்தச் சானலில் மாடரேட்டர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள், அழிக்கும் அனுமதி வேண்டாம்.

தண்டனைப் பட்டியலையும் இப்போதே எழுதிவிட வேண்டும். ஆள் யார் என்று தெரிவதற்கு முன் எழுதிய தண்டனைதான் ஆளைப் பார்த்து மாறாது. எங்கள் பரிந்துரை இப்படி:

சின்ன வாய்த்தகராறு: எச்சரிக்கை. 90 நாளில் மறுபடி நடந்தால் ஒரு நாள் டைம்அவுட் (பேசத் தடை), அதற்கும் மேல் ஒரு வாரம்.
பெட்டித் திருட்டு, வீட்டை உடைத்தல்: பொருளைத் திருப்பித் தந்து 3 நாள் பேன் (சர்வருக்குள் வரத் தடை). இரண்டாம் முறை 30 நாள்.
எக்ஸ்ரே (மண்ணுக்குள் புதைந்த தாதுவைக் காட்டுவது), பறத்தல் போன்ற ஏமாற்று மென்பொருள்: கிடைத்ததெல்லாம் பறிமுதல், 14 நாள். இரண்டாம் முறை நிரந்தரம்.
சாதி, மதம், பாலினம், நாடு சொல்லி இழிவுபடுத்துதல்: 7 நாளில் தொடக்கம்.
ஒருவருடைய உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண், படம் ஆகியவற்றை வெளியிடுதல்: முதல் முறையே நிரந்தரம்.

எண்கள் உங்கள் விருப்பம். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காலாவதி இருக்க வேண்டும் என்பது மட்டும் விருப்பம் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் கிடைத்த எச்சரிக்கையைத் தூசி தட்டி எடுத்து இன்று ஒருவரை வெளியேற்றுவது, பிடிக்காத ஆளை அனுப்ப மாடரேட்டர்கள் கையாளும் பழைய தந்திரம். டிஸ்கார்டில் டைம்அவுட்டின் உச்ச வரம்பு 28 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரோல் (அனுமதிகளைத் தீர்மானிக்கும் பட்டம்) மூலம்தான் பேச்சைத் தடுக்க முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டிக்கெட்டில் என்ன கேட்பது

புகாரைப் பொதுச் சானலில் வாங்காதீர்கள். டிக்கெட் பாட் வைத்துத் தனிச் சானல் திறக்க விடுங்கள். திறந்ததும் ஐந்தே கேள்வி. என்ன நடந்தது? எப்போது, எந்த ஊர் நேரப்படி? எந்த இடத்தில், எஃப்3 அழுத்தினால் வரும் மூன்று எண்கள் என்ன? டிஸ்கார்டில் நடந்திருந்தால் செய்தியின் இணைப்பு என்ன? இதற்கு என்ன தீர்வு எதிர்பார்க்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். பாதிப் பேர் "என் பொருள் வந்தால் போதும்" என்பார்கள். அங்கே விசாரணை மண்டபம் கட்டத் தேவையில்லை. "அவனைத் தூக்கணும்" என்று மட்டும் எழுதுகிறவருடைய டிக்கெட்டை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

நேரம் பற்றிய கேள்வி சின்னதாகத் தெரியும். தமிழர் சர்வரில் அதில்தான் பாதி விசாரணை தடுமாறும். சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். டொராண்டோ கோடையில் ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. டிஸ்கார்ட் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தைக் காட்டும். கோர்ப்ரொடெக்ட் "இத்தனை மணி நேரத்துக்கு முன்" என்று காட்டும். சர்வர் லாக் அந்த இயந்திரத்தின் நேரத்தைக் காட்டும், அது ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கலாம். "சனிக்கிழமை ராத்திரி நான் ஆன்லைனிலேயே இல்லை" என்று டொராண்டோக்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. விசாரணைக் குறிப்பில் எல்லா நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரே பத்தியில் எழுதுங்கள். இரண்டு ஊர் நேரத்தைக் கலந்து எழுதிய குறிப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவது மிகச் சுலபம்.

ஸ்க்ரீன்ஷாட்டை ஆதாரமாக எடுக்காதீர்கள்; தேட வேண்டிய இடத்தைக் காட்டும் குறிப்பாக மட்டும் எடுங்கள். உலாவியில் டிஸ்கார்டைத் திறந்து, இன்ஸ்பெக்ட் போட்டு, யார் பெயரில் வேண்டுமானாலும் எதையும் எழுதிப் படம் பிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. செய்தி இணைப்பையும் பயனர் ஐடி எண்ணையும் வாங்குங்கள். டெவலப்பர் மோடை இயக்கினால் ஐடியை நகலெடுக்கும் வசதி வரும். பெயர் மாற்றினாலும் அந்த எண் மாறாது. மைன்கிராஃப்ட் பக்கம் அதே வேலையை யுயுஐடி (கணக்குக்கு உரிய மாறாத எண்) செய்யும்.

முதல் பதில் 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு அல்ல, பதில். இப்படி எழுதலாம்:

"உங்கள் புகார் கிடைத்தது, எண் 47. இதை இரண்டு பேர் பார்ப்பார்கள். அவர்கள் பெயர் கீழே. அவர்களில் யாராவது உங்களுக்கோ எதிர்த்தரப்புக்கோ நெருக்கமானவர் என்று தோன்றினால் இப்போதே சொல்லுங்கள், ஆளை மாற்றுகிறோம். வெள்ளி இரவு 9 மணிக்குள், இந்திய நேரப்படி, முடிவு வரும். முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்றாவது வரும்."

மூன்று நாள் கெடு வைத்தால் போதும். கெடு தவறும்போது அதைச் சொல்வதுதான் முக்கியம். மௌனத்தை எல்லோரும் சாய்வு என்றே படிப்பார்கள்.

யார் விலக வேண்டும்

ஒரு புகாரை எடுப்பதற்கு முன் மாடரேட்டர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை எழுதி ஒட்டுங்கள். இருவரில் யாரோடாவது ஒரே ஊரில், ஒரே குழுவில் இருக்கிறேனா? வெளியே பழக்கம் உண்டா, உறவா, ஒரே கல்லூரியா? கடந்த 30 நாளில் சண்டை போட்டிருக்கிறேனா? இவர்கள் கடையில் வாங்குகிறேனா, விற்கிறேனா? இதில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் விலகிவிட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, "விலகுகிறேன்" என்று டிக்கெட்டில் ஒரு வார்த்தை போதும். விலகுவதைக் குற்ற ஒப்புதல் மாதிரி யாரும் பார்க்கக் கூடாது. நீங்களே முதலில் இரண்டு மூன்று தடவை விலகிக் காட்டினால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

மூன்று மாடரேட்டர் மட்டும் உள்ள சிறிய சர்வரில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்தான். அப்போது பக்கத்து சர்வர் ஒன்றோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் சிக்கலான புகாரை அவர்கள் மாடரேட்டர் ஒருவர் பார்ப்பார், அவர்களுடையதை நீங்கள் பார்ப்பீர்கள். பெயர்களை ஏ, பி என்று மாற்றிக் குறிப்பை அனுப்பினால் போதும்.

காசு கொடுத்து ரேங்க் வாங்கியவர்களும் யூடியூபில் சர்வரைக் காட்டுகிறவர்களும் தனி வகை. அவர்களோடு உங்களுக்கு நட்பு இருக்காது, பயம் இருக்கும். அவர்கள் பெயர் வரும் எந்தப் புகாரையும், கணக்கு வழக்குப் பார்க்காத, யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாத ஒருவரிடம் தள்ளிவிடுங்கள்.

பெட்டித் திருட்டு: கையோடு ஒரு விசாரணை

கோர்ப்ரொடெக்டின் இன்ஸ்பெக்ட் கட்டளையைப் போட்டுவிட்டு அந்தப் பெட்டியை வலது கிளிக் செய்தால் யார் எதைப் போட்டார், எடுத்தார் என்று வரிசையாக வரும். பக்கத்துக் கட்டத்தை இடது கிளிக் செய்தால் அதை வைத்தவர், உடைத்தவர் பெயர் வரும். பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்: பெயர் வந்துவிட்டது, பேன் போடு. நிறுத்தாதீர்கள்.

எடுத்தவர் பெயருக்குப் பதில் ஹாப்பர் என்று வரிசையில் வந்தால், யாரோ பெட்டிக்கு அடியில் ஹாப்பர் வைத்து உறிஞ்சியிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்காமலே திருடும் வழி இது. கீழே இருக்கும் கட்டத்தை இன்ஸ்பெக்டில் தட்டினால், உடைத்து எடுத்துப் போயிருந்தாலும் அங்கே ஹாப்பர் வைத்தது யார் என்று தெரியும். ஹாப்பர் பதிவை அணைத்து வைத்திருந்தால் பெட்டிக்கு வந்த வேறு யாருடைய பெயரோ மட்டும்தான் பட்டியலில் நிற்கும். வழக்கமாக அது அப்பாவியாகப் பெட்டியைத் திறந்து பார்த்த புது ஆள்.

பிறகு காலத்தைப் பின்னால் தள்ளுங்கள். லுக்கப் கட்டளையில் அதே ஆள், அதே பெட்டி, கடந்த 30 நாள் என்று கொடுங்கள். அவர் இதற்கு முன்பும் பத்து முறை எடுத்திருக்கிறாரா, போட்டிருக்கிறாரா? அப்படியென்றால் அது பொதுப்பெட்டியாக இருந்திருக்கிறது. கூட்டாகக் கட்டிய ஊரில் கூட்டணி முறிந்ததும் முதல் புகார் திருட்டாகத்தான் வரும். நேற்றுவரை இருவர் பெட்டி, இன்று ஒருவர் பெட்டி. இதைத் திருட்டுப் பட்டியலில் போடாமல் சொத்துப் பிரிவினையாகப் பாருங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று கோர்ப்ரொடெக்டே கணக்குக் கொடுக்கும்.

ரோல்பேக் (நடந்ததைப் பழைய நிலைக்குத் திருப்புவது) செய்யும் முன் எப்போதும் ப்ரிவியூ பார்க்க வேண்டும். ஆரத்தை #global (உலகம் முழுக்க) என்று கொடுத்து ஒருவர் பெயரில் ரோல்பேக் போட்டால் அவர் அந்த நேரத்தில் சர்வர் முழுக்கச் செய்த நல்ல வேலையும் சேர்ந்து அழியும். பெட்டியை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோய், எடுத்தவர் கையில் இருப்பதை விட்டுவிட்டால் பொருள் இரட்டிப்பாகும். அப்புறம் அதைப் பற்றி இன்னொரு டிக்கெட் வரும்.

எக்ஸ்ரே புகார்

இதில்தான் பொறாமையும் ஆதாரமும் அதிகமாகக் குழம்பும். "ரெண்டு மணி நேரத்தில் அறுபது வைரம்" என்று புகார் வரும். வைரத்தை எண்ணாதீர்கள், உடைத்த தாதுக் கட்டங்களை எண்ணுங்கள். ஃபார்ச்சூன் 3 (விளைச்சலைக் கூட்டும் மந்திரம்) உள்ள பிக்காக்ஸ் ஒரு தாதுவிலிருந்து நான்கு வைரம்வரை தரும்.

கட்டங்களை எண்ணும்போதும் ஒரு பொறி உண்டு. சில்க் டச் வைத்துத் தாதுவை அப்படியே பெயர்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்து, பிறகு ஃபார்ச்சூன் பிக்காக்ஸால் உடைப்பது பலருக்குப் பழக்கம். அப்போது ஒரே தாது லாக்கில் இரண்டு தடவை உடைபட்டதாக விழும். எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரியும், ஆள் மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு உடைப்பின் இடத்தையும் பாருங்கள். பத்து தாது ஒரே வீட்டு வாசலில் உடைந்திருந்தால் அவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

எண்ணிக்கையைவிட நம்பத்தக்கது சுரங்கத்தின் வடிவம். ஸ்பெக்டேட்டர் மோடில் (சுவர்களை ஊடுருவிப் பறந்து பார்க்கும் நிலையில்) போய் அவர் தோண்டிய பாதையை நேரில் பாருங்கள். 1.18 பதிப்புக்குப் பிறகு வைரம் அடர்த்தியாக இருப்பது அடித்தளத்தை ஒட்டி, ஒய் (உயர எண்) மைனஸ் 59 பக்கம். நேர்மையாகத் தோண்டுகிறவர் அந்த மட்டத்தில் நீளமாக ஒரு கோடு, பக்கவாட்டில் சீரான இடைவெளியில் கிளைகள் என்று போவார். கிளைகளில் பெரும்பாலானவை ஒன்றும் இல்லாமல் முடியும். எக்ஸ்ரே வைத்தவருடைய பாதையில் வீண் கிளை இருக்காது. நேராக வந்துகொண்டிருப்பார், திடீரென்று இடதுபுறம் ஆறு கட்டம் சரிவாக இறங்குவார், அங்கே வைரம். அங்கிருந்து குறுக்கே அடுத்த கொத்துக்கு. ஒரு தடவை அப்படி இருந்தால் தற்செயல். தொடர்ந்து ஐந்தாறு கொத்து, குகை எதுவும் பக்கத்தில் இல்லாமல், இப்படியே அமைந்தால் சந்தேகம் நிற்கும்.

குகை இருந்தால் கணக்கே வேறு. பெரிய குகைச் சுவரில் வெளியே தெரியும் வைரத்தைப் பார்த்து எடுப்பது ஏமாற்று அல்ல. பேப்பரில் உள்ளேயே இருக்கும் ஆன்டி எக்ஸ்ரேயை இயக்கிவிட்டால் இந்த வகைப் புகாரே பாதி குறையும். எஞ்சின் மோட் 1 மண்ணுக்குள் மூடியிருக்கும் தாதுவை மறைக்கும். 2 போலித் தாதுக்களை நிரப்பிக் குழப்பும். காற்றுப் படும்படி இருக்கும் தாதுவை அது மறைக்காது. உலகின் சீட் எண் (ஆட்ட உலகத்தை உருவாக்கும் மூல எண்) வெளியே கசியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தால் எக்ஸ்ரே இல்லாமலே தாது இருக்கும் இடத்தைக் கணக்கிட முடியும்.

பறக்கிறான், வேகமாக ஓடுகிறான் என்ற புகார்களுக்கு ஒரு வார்த்தை: ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் ஆன்டிசீட் மென்பொருள் கொடி தூக்கினால் முதலில் பிங்கை, அதாவது இணைப்புத் தாமதத்தை, பாருங்கள். கிராமத்து மொபைல் இணைப்பில் 300 மில்லி செகண்ட் தாமதத்தில் விளையாடுகிறவர் சர்வர் கண்ணுக்குத் தாவித் தாவித்தான் தெரிவார். நல்ல ஃபைபர் வைத்திருப்பவருக்கு வராத கொடி அவருக்கு நாளைக்கு நாலு வரும். தானாகவே பேன் போடும்படி ஆன்டிசீட்டை அமைத்தால் இணைப்பு மோசமானவர்களைத் தண்டிக்கும் சர்வராக அது ஆகிவிடும்.

பேச்சுப் புகார்

தமிழில் திட்டுவதைத் தமிழில்தான் பிடிக்க முடியும். டிஸ்கார்டின் ஆட்டோமாடில் (தானியங்கிச் சொல் வடிகட்டியில்) உள்ள ஆங்கில வசவுகளுக்கான ஆயத்தப் பட்டியல் நம் ஊர் வசவை ஒன்றுமே செய்யாது. ஆங்கிலத்தில் ஒரு சின்ன வார்த்தை சொன்னவர் மாட்டுவார், அம்மாவைச் சொல்லித் தங்கிலீஷில் திட்டியவர் தப்புவார். சொந்தப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கில எழுத்தில் குறைந்தது நாலைந்து எழுத்துக்கூட்டல் வரும்: ழகரத்துக்கு இரண்டு வழி, தகரத்துக்கு ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும், நெடிலுக்கு எழுத்தை இரட்டித்தும் ஒற்றையாகவும். சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் நடுவில் வந்தாலும் பிடிக்கும். ஆனால் மூன்றெழுத்துச் சொல்லுக்கு அப்படிப் போடாதீர்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சேர்ந்து மாட்டும். முதல் இரண்டு வாரம் தடுக்காமல், எச்சரிக்கைச் சானலுக்கு மட்டும் அனுப்பும்படி வைத்துப் பாருங்கள்.

சாதிப் பெயரை வசவாகப் பயன்படுத்துவதை மற்ற வசவுகளோடு ஒரே பட்டியலில் போடக் கூடாது. "சும்மா கலாய்ச்சேன்" என்ற சமாதானம் வரும். அந்தச் சொல் யாரைக் குறிக்கிறதோ அவர் அந்தச் சானலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். புகாரும் தரமாட்டார், ஏனென்றால் புகார் தருவதே தன்னை அடையாளம் காட்டுவதாகிவிடும். இந்த ஒரு வகைக்குப் புகார் வரும்வரை காத்திருக்காதீர்கள், பார்த்ததும் எடுங்கள்.

வட்டார வழக்கு இன்னொரு பக்கம். யாழ்ப்பாணத்தவர் 'நீர்' என்றால் அது மரியாதைக்கும் நெருக்கத்துக்கும் நடுவில் நிற்கும் சாதாரண விளிப்பு. மதுரைக்காரர் காதில் அது கிண்டலாகக் கேட்கலாம். 'பெடியன்' என்பது அங்கே பையன் என்று மட்டும்தான். மறுபுறம், தமிழ்நாட்டு நண்பர்களிடையே சர்வசாதாரணமான 'டா', 'டி' முன்பின் தெரியாத பெண்ணிடம் போனால் அவமதிப்பு. ஒரு வழக்கு மட்டுமே தெரிந்த மாடரேட்டர்கள் இப்படிப்பட்ட புகாரை எடைபோடக் கூடாது. இலங்கை உறுப்பினர்கள் கணிசமாக இருந்தால் அங்கிருந்து ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். அழகுக்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. வார்த்தைக்குப் பொருள் சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு குழுவிலிருந்து பத்துப் பேர் அரை மணி நேரத்தில் ஒரே ஆள்மேல் புகார் போட்டால் அது ஒரு புகார். பத்து என்று எண்ணாதீர்கள். எதிர்ப்புகாரைத் தனி டிக்கெட்டாகத் திறந்து தனியாக முடியுங்கள். "அவனும்தான் திட்டினான்" என்பது உண்மையாக இருந்தாலும் அவனுக்கான கணக்கு வேறு. இரண்டையும் கலந்து "ரெண்டு பேர் மேலயும் தப்பு, ரெண்டு பேருக்கும் ஒரு நாள்" என்று முடிப்பது சமத்துவம் மாதிரி தெரியும். உண்மையில் அது லாக்கைப் படிக்கச் சோம்பல்பட்டதன் விளைவு. ஒரு வாரம் சீண்டப்பட்டு ஒரே ஒருமுறை பதிலடி கொடுத்தவர் அதில் நசுங்குவார்.

முடிவு எடுப்பது

தண்டிப்பதற்கு முன் எதிர்த்தரப்பைக் கேட்டே ஆக வேண்டும். "ஏன் திருடினாய்?" என்று கேட்டால் பதில் சண்டையாகத்தான் வரும். "சனி இரவு 8 முதல் 10 வரை தெற்குச் சந்தைப் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அங்கே ஒரு பெட்டியிலிருந்து பொருள் எடுத்ததாகப் பதிவு இருக்கிறது, உங்கள் தரப்பு என்ன?" என்று கேளுங்கள். புகார் தந்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம். 48 மணி நேரம் கொடுங்கள். சேதம் தொடர்ந்தால் மட்டும் அதுவரை தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். அந்த நாட்களைத் தண்டனையில் கழித்துவிட வேண்டும்.

இரண்டு மாடரேட்டர்களும் பேசிக்கொள்ளும் முன்பே அவரவர் முடிவைத் தனித்தனியாக எழுதட்டும்: நடந்தது உறுதியா, எந்த விதி, எந்தத் தண்டனை. பிறகு ஒப்பிடுங்கள். முதலில் பேசுகிறவர் பக்கம் அடுத்தவர் சாய்வதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. வேறுபட்டால் மூன்றாமவர் இரண்டு குறிப்பையும் பெயரில்லாமல் படிக்கட்டும். 2013-இல் வால்வ் நிறுவனம் கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவில் கொண்டுவந்த ஓவர்வாட்ச் முறையில், அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் புகாருக்குள்ளான ஆட்டத்தின் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்; பார்க்கிறவருக்கு ஆட்டக்காரர்களின் பெயர் தெரியாது. சிறிய சர்வரில் கட்டும் பாணியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அவ்வளவு முழுமையாக மறைக்க முடியாது. அதற்குப் பதில் தண்டனையை எழுதியதும் இருவர் பெயரையும் மாற்றிப் போட்டு அதே குறிப்பை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கை கூசினால் தண்டனையைத் திருத்த வேண்டும்.

முடிவைச் சொல்லும்போது விதி எண், ஆதாரம் என்ன, தண்டனை எவ்வளவு, முறையீடு எங்கே என்ற நாலும் வர வேண்டும். புகார் தந்தவருக்கு "நடவடிக்கை எடுத்தோம்" அல்லது "ஆதாரம் போதவில்லை" என்பது போதும். எத்தனை நாள் பேன் என்று அவருக்குச் சொன்னால் பொதுச் சானலில் பத்து நிமிடத்தில் பவனி வரும்.

ஐபி பேன் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஒருவரைத் தடுத்தால் சம்பந்தமே இல்லாதவர்கள் சேர்ந்து வெளியே நிற்பார்கள். தடுக்கப்பட்டவர் மோடத்தை அணைத்துப் போட்டு வேறு முகவரியில் வந்துவிடுவார். "ஒரே ஐபி, ஆகவே ஒரே ஆள்" என்ற வாதமும் அப்படியே செல்லாது: அண்ணன் தம்பி, ஹாஸ்டல் வைஃபை.

மாடரேட்டர் மீதே புகார் வந்தால்

2007-இல் ஈவ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனமான சிசிபியில், ஊழியர் ஒருவர் தான் விளையாடிய கூட்டணிக்கு அரிய ப்ளூபிரிண்ட்களை முறைகேடாகக் கொடுத்தது வெளியே வந்தது. அதன்பின் ஊழியர்களைக் கண்காணிக்க அந்த நிறுவனம் உள்விவகாரப் பிரிவு வைத்தது. 2008-இல் ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் மன்றமும் வந்தது. சம்பளம் வாங்கும் ஊழியர்களுக்கே அப்படி வேலி தேவைப்பட்டது.

டிஸ்கார்டில் ஒரு நுணுக்கம்: அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி உள்ளவருக்கு எந்தச் சானலையும் மறைக்க முடியாது, உரிமையாளருக்கும் அப்படியே. அதனால் அட்மின் மீதான புகாரை டிக்கெட்டில் போடச் சொல்வது, அவர் கையிலேயே மனுவைக் கொடுக்கச் சொல்வதுதான். தனியாக ஒரு கூகுள் ஃபார்ம் வையுங்கள். அது அட்மின் அல்லாத, உறுப்பினர்கள் நம்பும் ஒருவருடைய கணக்கில் இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியை இருவருக்கு மேல் கொடுக்காதீர்கள். பேன், டைம்அவுட், செய்தி அழித்தல் என்று பிரித்துக் கொடுத்தாலே மாடரேட்டர் வேலை நடக்கும். சர்வருக்குள்ளும் அதே கதை: மாடரேட்டர் விளையாடும் கணக்கில் ஓபி (எல்லாக் கட்டளைக்கும் அனுமதி) இருக்கக் கூடாது. லக்பெர்ம்ஸ் என்ற அனுமதிப் பிளகின் வைத்துப் பணிநேரத்துக்கு மட்டும் ஸ்பெக்டேட்டர், டெலிபோர்ட் அனுமதி கிடைக்கும்படி செய்து, அந்தக் கட்டளைகள் எல்லோருக்கும் தெரியும் சானலில் பதிவாகட்டும்.

முறையீட்டைத் தண்டித்தவர் பார்க்கக் கூடாது. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் விசாரிக்கக் கூடாத புகார்கள்

சிறுவரிடம் பெரியவர் பாலியல் ரீதியாகப் பேசியது, படம் கேட்டது, உயிருக்கு மிரட்டல் ஆகியவை வந்தால் இரு தரப்பையும் அழைத்துப் பேசும் வேலையே கிடையாது. கணக்கைத் தடை செய்யும் முன் செய்திகளை டிஸ்கார்டுக்குள்ளேயே ரிப்போர்ட் செய்யுங்கள். பேன் போடும்போது செய்திகளை அழிக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் கடந்த 7 நாள்வரையிலான ஆதாரம் போய்விடலாம். படங்களை உங்கள் கருவியில் சேமிக்கவோ மற்ற மாடரேட்டருக்கு அனுப்பவோ கூடாது, அதுவே குற்றமாகலாம். இந்தியாவில் போக்சோ சட்டப்படி இப்படிப்பட்டதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்; குழந்தைகள் உதவி எண் 1098. இலங்கையில் 1929. பொருள் விற்கிறேன் என்று காசை ஏமாற்றியிருந்தால் இந்தியாவில் 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள், மணிக்கணக்கில் தாமதித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

மாதக் கடைசிக் கணக்கு

ஒரு விரிதாளில் ஆறு பத்தி போதும்: டிக்கெட் எண், பார்த்த மாடரேட்டர், புகாருக்கு உள்ளானவர் சேர்ந்து 30 நாள் ஆகிறதா இல்லையா, காசு கொடுத்த ரேங்க் உண்டா, தண்டனை பட்டியலில் உள்ளபடியா குறைத்தா கூட்டியா, முறையீட்டில் மாறியதா. மாதம் ஒருமுறை ஐந்தாவது பத்தியை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 'குறைத்து' என்று விழுந்த வரிகளில் பழைய ஆட்களும் ரேங்க் வாங்கியவர்களும் மட்டுமே இருந்தால், 'கூட்டி' என்பதில் புதியவர்கள் மட்டுமே இருந்தால், அந்த டிக்கெட்டுகளைத் திறந்து மறுபடி படிக்க வேண்டும். மாதத்துக்கு எட்டு பத்து டிக்கெட் வரும் இடத்தில் சதவீதம் போட்டு எதையும் நிரூபிக்க முடியாது; எண்கள் எந்த டிக்கெட்டைத் திறப்பது என்று மட்டும் சொல்லும். மறுபடி படித்ததில் தப்பு தெரிந்தால் முடிந்த தண்டனையாக இருந்தாலும் சம்பந்தப்பட்டவருக்கு எழுதி, எச்சரிக்கையைப் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள். இந்த வேலையை 40 நாளுக்குள் செய்யுங்கள். 45 தாண்டினால் ஆடிட் லாக்கில் ஒப்பிட ஒன்றும் இருக்காது.